கரண்ட் வைப்பதற்கு முன்னால் ஈறைப் பார்க்கச் சொல்வது ஏன்?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, நெடுநாள் பீடியும் வெற்றிலையும். வலது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்து ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, அடுத்து 30 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் காட்டி வரச் சொன்னார்களாம். போனால் அவர், ஈறு மோசமாக இருக்கிறது, கீழே நாலு கடைவாய்ப் பல்லையும் மேலே ஒன்றையும் எடுத்துவிட வேண்டும் என்கிறாராம். ஏற்கெனவே நொந்து கிடக்கிற மனுஷனை இப்போதே ஏன் படுத்த வேண்டும், கரண்ட் முடிந்து உடம்பு தேறியதும் பார்த்தால் ஆகாதா, பல்லைப் பிடுங்கினால் நோய் பரவும் என்கிறார்களே, உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் ஈறு சரியாகிவிடாதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு ஒட்டுக் கேள்வியாக, எடுத்த இடத்தில் பல் செட் எப்போது கட்டலாம் என்றும் கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான் என்று எனக்குப் படுகிறது. கேன்சரே வந்திருக்கும்போது ஈறெல்லாம் ஒரு விஷயமா?

விஷயம்தான். அதிலும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத விஷயம். நான் பாளையங்கோட்டையில் ஈறு வைத்தியம் பார்க்கிறவன். இங்கே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் கரண்ட் எடுத்துக்கொள்கிறவர்கள், நெய்யூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்று பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். கதிர்வீச்சு என் தொழில் இல்லை, எவ்வளவு, எத்தனை நாள், எந்தக் கோணத்தில் என்பதெல்லாம் அந்த டாக்டர் சொல்ல வேண்டியது. அப்பாவின் எக்ஸ்ரேயையும் நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த ஐந்து பல்லும் போகத்தான் வேண்டுமா என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எதை வைத்து அப்படி முடிவு எடுக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன், அதை வைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் பல் டாக்டரிடமே கேட்கலாம்.

முதலில் ஒன்று. கதிர் எந்த இடத்தில் படுகிறதோ அந்த இடத்துக்குத்தான் இந்தப் பேச்செல்லாம். மார்பகத்துக்கோ கர்ப்பப்பை வாய்க்கோ கரண்ட் வைத்தவர்களுக்குத் தாடை எலும்பில் இந்தப் பாதிப்பு வராது. (எலும்புக்குப் பரவியவர்களுக்குப் போடுகிற சோலெட்ரானிக் ஆசிட் ஊசியால் தாடையில் வேறொரு தொல்லை வரலாம், அது தனிக் கதை.) கன்னம், நாக்கு, தொண்டை, எச்சில் சுரப்பி இங்கெல்லாம் வைக்கும்போதுதான் தாடையும் ஈறும் வழியில் மாட்டிக்கொள்கின்றன.

உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கிற 30 நாள் என்பது பெரும்பாலும் ஒரு நாளைக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்கிற அலகு) வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரத்தில் மொத்தம் 60 கிரே என்று இருக்கும். சிலருக்கு 66, ஆபரேஷன் இல்லாமல் கரண்ட் மட்டும் என்றால் 70 வரை போகும். இந்த அளவு புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறபோதே பக்கத்தில் உள்ள எலும்பின் செல்களையும், அதற்கு ரத்தம் கொண்டுபோகும் பொடிப்பொடிக் குழாய்களையும் கெடுத்துவிடுகிறது. அந்தக் கெடுதல் அன்றைக்கே தெரியாது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் குழாய்கள் சுருங்கி அடைபட்டுக்கொண்டே வரும். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கடைமடை வயல் எப்படியோ அப்படித்தான் கரண்ட் வைத்த கீழ்த்தாடை. நிற்கிற பயிர் இருக்கிற ஈரத்தில் எப்படியோ பிழைத்துக் கிடக்கும், புதிதாக ஒரு நடவு போட்டால்தான் தண்ணீர் போதாதது தெரியும். பல் பிடுங்கிய குழி அப்படி ஒரு புது நடவு. அது மூடுவதற்குப் புது ரத்தக்குழாய், புதுச் செல், புது எலும்பு எல்லாம் வேண்டும். மேல்தாடைக்கு நாலு பக்கமிருந்தும் ரத்தம் வருவதால் அது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கீழ்த்தாடை கெட்டி எலும்பு, அதற்கு முக்கியமான ரத்தக்குழாய் ஒன்றுதான்.

குழி மூடாமல், எலும்பு வாய்க்குள் வெளியே தெரிந்துகொண்டு, மூன்று மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் அதற்கு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று பெயர். கதிர்பட்ட எலும்பு செத்துப்போவது. சீழ், நாற்றம், தீராத வலி, சில பேருக்குக் கன்னத்தில் ஓட்டை விழுந்து வெளியே வடியும், சில பேருக்குத் தாடை தானாகவே முறிந்துபோகும். எல்லாருக்கும் வருவதில்லை, கரண்ட் எடுத்தவர்களில் சிறு பகுதிக்குத்தான் வருகிறது. ஆனால் வந்தவர்களுக்குக் கேன்சர் குணமான பிறகும் நிம்மதி கிடையாது. இன்னொன்று, வருஷம் போகப்போக ஆபத்து குறைந்துவிடும் என்று நினைக்கிறார்களே, அது தவறு. பத்து வருஷம் கழித்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாலும் இது வரலாம். அமெரிக்காவின் ராபர்ட் மார்க்ஸ் என்ற வாய்-முக அறுவை மருத்துவர் 1983-இல் இதற்குக் காரணம் கிருமி மட்டும் இல்லை, ரத்தக்குழாய் குறைவு, செல் குறைவு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றும்தான் என்று எழுதினார். அவர் சொன்ன விளக்கத்தில் சில பகுதிகளை இன்றைக்குச் சிலர் மறுக்கிறார்கள். கதிர்பட்ட எலும்புக்கு ஆறுகிற சக்தி குறைவு என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பு இல்லை.

இப்போது ஈறுக்கு வருவோம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு எல்லாருக்கும் உண்டு, 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். ஈறு நோய் வந்தால் அந்த இடுக்கு பை மாதிரி ஆழமாகி, உள்ளே எலும்பு கரைந்து, 6, 7 மில்லிமீட்டர் வரை போய்விடும். அவ்வளவு ஆழத்தில் இருக்கிற அழுக்கும் கிருமியும் தாடை எலும்பின் விளிம்பிலேயே குடியிருக்கின்றன என்று அர்த்தம். சாதாரண ஆளுக்கு அந்தப் பல்லை நாங்கள் விட மாட்டோம், சுத்தம் செய்து, தேவைப்பட்டால் ஈறைத் திறந்து ஆபரேஷன் செய்து, பத்து வருஷம் கூட ஓட்டுவோம். ஆடினால் ஆடட்டும், விழுகிறபோது விழட்டும், எடுத்துக்கொள்ளலாம். கரண்ட் வைக்கப்போகிறவருக்கு அந்தக் கடைசி வாய்ப்பு இல்லை. விழுகிறபோது எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவே முடியாது. மேலும், கதிர்பட்ட பக்கத்தில் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு மற்றப் பக்கத்தைவிட வேகமாக இறங்குவதைப் பார்க்கிறோம், எச்சில் வற்றுவதால் அழுக்கும் அதிகம் படிகிறது. அதனால்தான் உங்கள் பல் டாக்டர் கல்நெஞ்சக்காரர் மாதிரி தெரிகிறார்.

ஈறில் ரத்தம் வருவதைத்தான் நம்மவர்கள் வியாதி என்று எடுத்துக்கொள்கிறார்கள், ரத்தம் வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். முக்கூடலும் மேலப்பாளையமுமாகப் பீடி சுற்றுகிற நாட்டில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவு குறைவாகவே இருக்கும், உள்ளே எலும்பு பாதி போயிருந்தாலும். உங்கள் அப்பாவுக்கு அதையும் மீறி ரத்தம் வருகிறதென்றால் நான் அளந்து பார்க்காமல் விட மாட்டேன்.

சரி, எந்தப் பல்லை எடுப்பது, எதை வைப்பது? மூன்றைப் பார்ப்போம். பையின் ஆழமும் ஆட்டமும் ஒன்று. கடைவாய்ப் பல்லில் வேர்கள் பிரிகிற இடம் வரை எலும்பு இறங்கிவிட்டதா என்பதும் இதிலேயே சேர்த்தி, ஏனென்றால் அந்தச் சந்துக்குள் எந்தப் பிரஷும் போகாது. இரண்டாவது, அந்தப் பல் நிற்கிற இடத்துக்கு எத்தனை கிரே விழப்போகிறது. மூன்றாவது, நோயாளியின் கையும் மனசும், அதாவது தினமும் இரண்டு வேளை ஒழுங்காகத் தேய்த்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரக்கூடியவரா என்பது. இதில் முதலும் மூன்றும் பல் டாக்டருக்குத் தெரியும், இரண்டாவது தெரியாது. அது கரண்ட் டாக்டரின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இப்போதைய மெஷின்களில் ஒரே தாடைக்குள்ளேயே வலதுபுறக் கடைவாய்க்கு 60-உம் இடதுபுற முன்பல்லுக்கு அதில் பாதிக்கும் கீழேயும் விழும்படி திட்டம் போட முடியும். 50, 60 கிரே விழுகிற இடத்தில் 6 மில்லிமீட்டர் பை இருக்கிற கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் எடுப்பதுதான் சரி, நானும் அதையே சொல்வேன். அதே ஆழமுள்ள பை கதிர் படாத பக்கத்து மேல்பல்லில் இருந்தால் சுத்தம் செய்து வைத்துக்கொள்வேன். ஆகவே தம்பி செய்ய வேண்டியது, இந்த இரண்டு டாக்டரையும் பேச வைப்பது. கரண்ட் டாக்டரிடம் போய், "இந்தப் பல்லெல்லாம் எடுக்கணும்னு சொல்றாங்க சார், எது எது அதிக டோஸ்ல வருது?" என்று கேட்டு, எழுதி வாங்கிப் பல் டாக்டரிடம் கொடுங்கள். ஐந்து நான்காகலாம், மேல்பல் தப்பிக்கலாம். ஆறாகவும் ஆகலாம்.

இதில் சந்தேகத்துக்கு இடமான பகுதியும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் கரண்ட் வைக்கப்போகிறவருக்கு வாயில் உள்ள எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுகிற வழக்கம் இருந்தது. இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, செய்யச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள். முன்கூட்டியே பல் எடுத்தவர்களிலும் சிலருக்கு எலும்பு செத்துப்போகிறது, அதனால் நல்ல பல்லை முன்ஜாக்கிரதைக்காக எடுப்பதில் லாபம் இருப்பதாகக் காட்ட முடியவில்லை. நடுத்தரமாக இருக்கிற பல், 4, 5 மில்லிமீட்டர் பை, லேசான ஆட்டம், இவற்றில்தான் டாக்டருக்கு டாக்டர் முடிவு மாறும். முன்பல்லாக, ஒற்றை வேர்ப் பல்லாக இருந்தால் நான் வைத்துக்கொள்ளும் பக்கம்.

நாள் கணக்கு இந்த விஷயத்தில் ரொம்ப முக்கியம். ஆபரேஷனுக்கு அப்புறம் கரண்டை ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பொதுவான விதி, தள்ளிப்போனால் நோய் திரும்புகிற வாய்ப்பு கூடுகிறது. பல் எடுத்த குழி ஓரளவு மூட இரண்டு வாரமாவது வேண்டும், மூன்று கிடைத்தால் நல்லது. அப்பாவுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது. அப்படியென்றால் எடுப்பது இந்த வாரம்தான். அமாவாசை கழியட்டும், பெரியப்பா வந்து பார்க்கட்டும் என்று உட்கார்ந்தால் அந்த ஜன்னல் மூடிவிடும். ஒரே நாளிலோ இரண்டு தடவையாகவோ எடுத்து, கூரான எலும்பு விளிம்பை மழுக்கி, தையல் போட்டு மூடிவிடுவார்கள், மற்றப் பல்லுக்கெல்லாம் ஆழமான சுத்தமும் அதோடு முடித்துவிடலாம். இனியும் நாள் நழுவிவிட்டால், பல்லுக்காகக் கரண்டைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போது பல்லை விட்டுவைத்து வேறு வழி பார்ப்போம், முதல் மரியாதை புற்றுநோய்க்குத்தான்.

பல்லைப் பிடுங்கினால் கேன்சர் பரவும் என்பது பொய். கண் நரம்பு கெடும் என்பதும் பொய். இந்த முதல் நம்பிக்கை எப்படி வந்திருக்கும் என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஈறிலேயே புற்றுநோய் வளர்ந்து பல் ஆட ஆரம்பிக்கும், ஈறு வீக்கம் என்று நினைத்து யாரோ பிடுங்கிவிடுவார்கள், குழி ஆறாது, அதன் பிறகு சதை எடுத்துப் பரிசோதனை செய்தால் கேன்சர் என்று வரும். பார்க்கிறவர்களுக்குப் பிடுங்கியதால் வந்த மாதிரிதானே தோன்றும்? இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மை வேறு. கட்டி இருக்கிற இடத்திலேயே நிற்கிற பல்லை, கேன்சர் டாக்டரைக் கேட்காமல் யாரும் தொடக் கூடாது. உங்கள் அப்பாவுக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது, இருந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் பக்கத்துப் பல் என்றால் கேன்சர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கரண்ட் நடக்கிற ஆறு வாரத்தில் என்ன எதிர்பார்க்கலாம் என்றால், முதல் வாரத்திலேயே எச்சில் கெட்டியாகி நூல் நூலாக வரும், ருசி போகத் தொடங்கும். இரண்டு, மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கச் சிவந்து புண்ணாகும், கடைசி வாரங்களில் வெள்ளை ஆடை படிந்த புண், கஞ்சி கூட எரியும். இது எல்லாம் கரண்ட் முடிந்து இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். எச்சில்தான் முழுசாகத் திரும்பாது. நமக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஊறுகிறது, வாயைக் கழுவுவதும் அமிலத்தைக் குறைப்பதும் பல்லுக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுப்பதும் அதுதான். காதுக்குக் கீழே உள்ள பெரிய சுரப்பிக்குச் சராசரியாக 26 கிரேக்குக் கீழே பட்டால் ஓரளவு தேறும் என்று வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள், எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை.

இந்த நாளில் ஈறைக் கவனிப்பது என்றால், நிறுத்தாமல் தேய்ப்பதுதான். புண்ணாக இருக்கிறதே என்று பிரஷைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், ஒரு வாரத்தில் ஈறு வீங்கி, புண் இன்னும் மோசமாகிறது. குழந்தைகள் பிரஷ், மிக மென்மையானது வாங்கி, வெந்நீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் இன்னும் இளகும். புதினா காரம் இல்லாத குழந்தைகள் பேஸ்ட் எரியாது, ஆனால் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். பல்பொடி, உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள் எதுவும் வேண்டாம். ஆலும் வேலும் பல்லுக்குறுதிதான், வேப்பங்குச்சியை மென்றே எண்பது வயது வரை பல்லோடு இருந்த தாத்தாக்களை எனக்கும் தெரியும், ஆனாலும் இந்த ஆறு வாரம் அதன் நார் புண்ணில் குத்தும். கிராம்புத் தைலம் பஞ்சில் வைக்கிற ஆச்சிமார்களையும் தடுத்துவிடுங்கள், தோல் உரிந்துவிடும்.

உப்புத் தண்ணீர் நல்லது. ஒரு லிட்டர் ஆறவைத்த வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா போட்டுக் கலக்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், விழுங்க வேண்டாம். ஆனால் அது மேலே கழுவும், ஈறுக்குள் இருக்கிற 6 மில்லிமீட்டர் பைக்குள் போகாது. ஆகவே ஈறு நோய்க்கு அது மருந்து இல்லை, பல் எடுப்பதற்கு மாற்றும் இல்லை. கடையில் விற்கிற ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் ஈறு அழுக்குக்கு நல்ல மருந்துதான், ஆனால் கரண்ட் புண் வராமல் தடுக்கும் என்று நினைத்து அதைக் கொடுப்பதைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் ஆதரிக்கவில்லை. பென்சிடமின் கொப்பளிப்புக்கு அதைவிட ஆதாரம் இருக்கிறது. தேன் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். புண்ணைக் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்வதால் வழிகாட்டுதலில் கூட அதற்கு ஒரு இடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பாதி மனசுதான். எச்சில் இல்லாத வாயில் தேன் ஒட்டிக்கொண்டு நின்றால் பல் கெடும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் பெரிய கெடுதலும் இல்லை, பல் எடுப்பதைத் தவிர்க்கும் அளவுக்கு நிரூபணமும் இல்லை, இருமலும் புரையேறுதலும் இருந்தால் அதுவும் வேண்டாம். வாய் திடீரென்று அதிகமாக எரிந்து, வெள்ளைத் திட்டு துடைத்தால் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு, கரண்ட் டாக்டரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். இந்த வாரங்களில் ஏதாவது பல் சீழ் பிடித்தாலும் மாத்திரையும் வேர் சிகிச்சையும்தான் முதலில் பார்க்க வேண்டும், பிடுங்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு நம்ம பக்கத்துச் சொதி கைகொடுக்கும், மிளகாயும் எலுமிச்சையும் இல்லாமல், இடியாப்பத்திலோ குழைந்த சோற்றிலோ ஊற்றி. உளுந்தங்கஞ்சி, முட்டை, தயிர். நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அரைக் கிலோ அல்வாவோடு வருவது நம் ஊர் மரியாதை, என்ன செய்ய, வாங்கி வைத்து நீங்கள் சாப்பிடுங்கள். அல்வா பல்லில் ஒட்டி நிற்கிற சர்க்கரை. கருப்பட்டியும் பதநீரும் உடம்புக்கு நல்லது என்பார்கள், பல்லுக்கு அவையும் சர்க்கரைதான்.

கரண்ட் முடிந்த பிறகுதான் எங்கள் வேலை நீளும். எச்சில் குறைந்த வாயில் ஈறு ஓரத்தைச் சுற்றி வளையமாகச் சொத்தை விழும், கவனிக்காவிட்டால் ஒரு வருஷத்தில் பல் கழுத்தோடு ஒடிந்துபோகும். அதற்கு 1 சதவீத சோடியம் ஃப்ளோரைடு ஜெல்லை, பல்லின் அச்சில் செய்த தட்டில் வைத்து, தினமும் ஐந்து நிமிஷம் போட வேண்டும், போட்டபின் அரை மணி நேரம் தண்ணீர் கூடக் குடிக்காமல். எத்தனை நாள் என்று கேட்பார்கள், பல் இருக்கிற வரை. அந்தத் தட்டுக்கு இப்போதே அச்சு எடுத்துவிடச் சொல்லுங்கள், பிறகு வாய் புண்ணாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஈறு சுத்தம் செய்யலாம், பயம் இல்லை. கதிர்பட்ட இடத்தில் ஈறைத் திறந்து செய்கிற ஆபரேஷனைத்தான் தவிர்க்கிறோம்.

அதற்கப்புறமும் ஒரு பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்று வந்தால்? முடிந்தவரை வேர் சிகிச்சை செய்து, மேலே உள்ள பகுதியை வெட்டிவிட்டு, வேரை உள்ளேயே விட்டுவைக்கப் பார்ப்போம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் அனுபவமுள்ளவர் கையில், ஒன்று இரண்டாக, மாத்திரைப் பாதுகாப்போடு. இதற்கு முன்னால், காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுக்கிற அறையில் உட்கார வைப்பது நல்லது என்று 1985-இல் மார்க்ஸ் நடத்திய ஆய்வு சொன்னது. 2019-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அதனால் தனிப் பலன் தெரியவில்லை, அதனால் நான் யாரையும் அந்தச் செலவுக்கு அனுப்புவதில்லை. பென்டாக்சிஃபைலினும் வைட்டமின் ஈ-யும் சேர்த்துக் கொடுப்பதும் நடக்கிறது, நம்பிக்கை தருகிற மருந்துதான், ஆனால் ஆய்வுகள் சின்னச் சின்னவை. முகாமிலோ பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கிளினிக்கிலோ, "பல் ஆடுது, எடுத்துருங்க" என்று அப்பா போய் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த வருஷம், எந்தப் பக்கம், எத்தனை கிரே என்று எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள். எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டச் சொல்லுங்கள்.

வாய் திறப்பதையும் இப்போதே அளந்து வையுங்கள். அவருடைய மூன்று விரல் செங்குத்தாக உள்ளே போகிறதா என்று பாருங்கள், அளவில் சொன்னால் 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பிரச்சினை. ஆபரேஷனும் கரண்டும் சேர்ந்து தாடைத் தசையை இறுக்கும், பாக்குப் போட்டுப் போட்டு ஏற்கெனவே கன்னம் விறைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். வாய் திறக்காதவருக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லைத் தேய்க்கவும் முடியாது, எங்களால் உள்ளே கருவியை நுழைக்கவும் முடியாது. ஐஸ் குச்சிகளை அடுக்கி, நாளுக்கு நாள் ஒன்று கூட்டி வாயைத் திறக்கிற பயிற்சியை டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே தொடங்கலாம். பீடியை இந்த நிமிஷமே விட வேண்டும். கரண்ட் நடக்கும்போது புகைத்தால் அதன் பலனே குறைகிறது, எலும்பு சாகிற ஆபத்தும் கூடுகிறது. "பொயலைய விட்டுட்டேன் டாக்டர், வெறும் வெத்தல பாக்குதான்" என்று சொல்லுகிற அண்ணாச்சிமார் நிறையப் பேர். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது.

பல் செட் விஷயம். கரண்ட் நடக்கும்போது எந்த செட்டும் வாயில் இருக்கக் கூடாது. முடிந்த பிறகும் புண் முழுக்க ஆறி, ஈறு திடமாகி, எச்சில் நிலவரம் தெரிகிற வரை பொறுக்க வேண்டும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை காத்திருக்கச் சொல்வது வழக்கம். கீழ் செட் உராய்ந்து ஏற்படுகிற சின்னப் புண் கூட எலும்பு வரை போகலாம் என்பதால்தான் இந்த அவசரமின்மை. கீழே நாலு கடைவாய்ப் பல் இல்லாமலேயே முன்பல்லையும் இடதுபக்கத்தையும் வைத்து நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, அப்பாவுக்கு அது ஒத்துவந்தால் கீழ் செட்டே வேண்டாம் என்பேன். மேலே மட்டும் வேண்டுமென்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.